தண்ணீருக்குத் தீட்டு இல்லை, கிருமி உண்டு

நம் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியின் தண்ணீர் 2004 முதல் சென்னைக்குப் போகிறது. சேத்தியாத்தோப்பில் ஏற்றப்பட்டு, வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயிலேயே பயணம் செய்து தலைநகரத்தின் வீடுகளை அடைகிறது. நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. இதே மாவட்டத்தின் சேரிகளிலிருந்து ஆட்களும் அதே நகரத்துக்குப் போகிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, குப்பை வண்டி தள்ளப் போகிறவர்கள் உண்டு, சாக்கடை அடைப்பு எடுக்கப் போகிறவர்களும் உண்டு.

ஏரியிலிருந்து போகும் தண்ணீர் வழியில் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக அரசு பொறியாளர்களை வைத்திருக்கிறது, ஆய்வகங்களை வைத்திருக்கிறது, குளோரின் வாங்கக் காசு ஒதுக்குகிறது. சேரியிலிருந்து போகும் ஆள் வழியில் செத்துவிடக் கூடாது என்பதற்கு என்ன செய்து வைத்திருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகப் பார்ப்பதே நம் நாட்டில் வழக்கம். குடிநீர் என்றால் பொறியியல், சாக்கடை மரணம் என்றால் சமூகநீதி என்று பிரித்துவிடுகிறார்கள். நாம் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறோம். ஏனென்றால் குடிநீரையும் கழிவுநீரையும் பிரித்து வைப்பதுதான் ஒரு நகரத்தின் முதல் வேலை. அந்த வேலை எங்கே அறிவியலால் நடக்கிறது, எங்கே சாதியால் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் நமக்கு எதைக் கேட்பது என்று தெரியும்.

முதலில், நகரம் தன் குடிநீரை எப்படிக் காக்கிறது என்று பார்ப்போம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்கட்டும். கிராமத்துத் தொட்டிக்கும் இதே கணக்குத்தான்.

ஏரித் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்ததும் அதில் படிகாரம் கலக்கிறார்கள். கலங்கலாக மிதக்கும் மண்ணும் அழுக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் படிகின்றன. தெளிந்த தண்ணீரை மணல் படுகை வழியாக வடிகட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இதோடு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத கிருமி போகாது. அதற்குத்தான் குளோரின். காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைக் கொண்டுவரும் கிருமிகளைக் குளோரின் கொல்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நிலையத்தில் கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது. தண்ணீர் பல மைல் தூரம் குழாயில் போக வேண்டும். நடுவில் எங்காவது அழுக்கு கலந்தால் அதையும் கொல்லக் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம். அதே தரத்தின்படி 100 மில்லிலிட்டர் தண்ணீரில் இ.கோலி என்ற குடல் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்தக் கிருமி இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது குழாய். குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக் குழாய்க்கும் இடையே பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது மத்திய அரசின் குடிநீர்ப் பொறியியல் கையேடு. இடம் இல்லாமல் அருகருகே போட நேர்ந்தால் குடிநீர்க் குழாய் சாக்கடைக் குழாயைவிட அரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும். சாக்கடை கசிந்தாலும் கீழே இறங்கும், மேலே ஏறாது என்பதுதான் காரணம்.

கடைசியாக அழுத்தம். குழாய்க்குள் தண்ணீர் எப்போதும் அழுத்தத்தோடு ஓடினால், குழாயில் விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியே பீறிடுமே தவிர வெளி அழுக்கு உள்ளே வராது. ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் தண்ணீர் விடும் ஊரில் இந்தக் காவல் இல்லை. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. சுற்றியுள்ள மண்ணில் சாக்கடை ஊறிக் கிடந்தால் அது விரிசல் வழியே உள்ளே கசிகிறது. போதாக்குறைக்கு வசதியுள்ளவர்கள் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். அந்த உறிஞ்சல் தண்ணீரோடு பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கிறது. மறுநாள் காலையில் முதலில் வரும் தண்ணீர் கறுப்பாக, நாற்றத்தோடு வருவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஒரு கேள்வி. இந்தக் காவல்கள் முதலில் எங்கே தளர்கின்றன? குழாயின் கடைசி முனையில். அங்கே அழுத்தம் குறைவு, குளோரின் மிச்சமும் குறைவு, குழாயும் பழையது. நகரத்தில் அந்தக் கடைசி முனையில் யார் குடியிருக்கிறார்கள்? ஆற்றோரத்திலும் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டவர்கள், அங்கிருந்து பெயர்க்கப்பட்டு நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் அடைக்கப்பட்டவர்கள், கூலித் தொழிலாளர்கள். இவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. கிராமத்திலும் இதே கதைதான். ஊர்த்தெருவைச் சுற்றி வந்து மிச்சமுள்ள தண்ணீர்தான் காலனிக் குழாய்க்கு வருகிறது.

இனிச் சாக்கடைக்கு வருவோம். சாக்கடைக் குழாய் சரிவாகப் போடப்படுகிறது. கழிவு தன் எடையாலேயே ஓடிப் பள்ளமான இடத்தில் உள்ள நீரேற்று நிலையத்தை அடைகிறது. அங்கிருந்து மோட்டார் வைத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றுகிறார்கள். அங்கே காற்றைச் செலுத்தி, நல்ல நுண்ணுயிர்களை வளர்த்து, அவை அழுக்கைத் தின்னும்படி செய்கிறார்கள். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் சென்னைக்கு இப்படிப்பட்ட நிலையங்கள் உள்ளன.

இந்த ஓட்டத்தைக் கெடுப்பது எது? சாக்கடையில் போடக் கூடாததைப் போடுவது. நெகிழிப் பை, நாப்கின், துணி, ஓட்டல் எண்ணெய், கட்டட மண், தொழிற்சாலைக் கழிவு எல்லாம் அதில் சேர்கின்றன. மாடியில் விழும் மழைநீரையும் சாக்கடையிலேயே திருப்பி விடுகிறார்கள். அடைப்பு ஏற்படுகிறது. தேங்கி நிற்கும் கழிவு அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் முதலில் மூக்கின் உணர்வையே அது கொன்றுவிடுகிறது. நாற்றம் இல்லையே என்று நினைத்து இறங்குகிறவன் ஓரிரு மூச்சில் சாய்கிறான். அவனைத் தூக்க இறங்கும் அண்ணனோ தம்பியோ அவன் மேலேயே விழுகிறான். இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்து சாகும் செய்திகள் நமக்கு வருவது இதனால்தான். இதற்கு விதியோ குடியோ காரணமில்லை. காற்று இல்லாத குழிக்குள் கருவி இல்லாமல் ஒரு மனிதனை இறக்கியதுதான் காரணம்.

அடைப்பை எடுக்க எந்திரம் இல்லையா என்றால், இருக்கிறது. அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட்ராடிங் வண்டி இருக்கிறது. கசடை உறிஞ்சும் வண்டி இருக்கிறது. குழிக்குள் இறங்கி வாரும் ரோபோ எந்திரமும் வந்துவிட்டது. சட்டமும் இருக்கிறது. 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ பாதுகாப்பின்றி ஆளை இறக்கும் அபாயகரமான துப்புரவு வேலைக்கு எந்த உள்ளாட்சியும் எந்த நிறுவனமும் எந்தத் தனிமனிதரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆள் வைக்கக் கூடாது என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. மீறினால் முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். வீட்டுக்காரரும் ஓட்டல்காரரும் அடுக்குமாடிச் சங்கமும் இதற்குள் அடக்கம்.

நீதிமன்றமும் பேசியிருக்கிறது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தரமாக ஊனமடைந்தால் குறைந்தது 20 லட்சம். 2025 சனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்வதைத் தடைசெய்து ஆணையிட்டது. ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே, மேன்ஹோல் இனி மெஷின்ஹோல் ஆகும் என்று அறிவிக்கப்பட்டது.

எந்திரமும் சட்டமும் தீர்ப்பும் இருந்தும் மரணம் ஏன் நிற்கவில்லை? 1993 முதல் பதிவான சாக்கடை மரணங்களில் தமிழ்நாடே முதலிடத்தில் இருப்பதாக நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகள் காட்டியிருக்கின்றன. பெரியார் பிறந்த மண்ணுக்கு இது பெருமை சேர்க்கும் முதலிடமா? ஒன்றிய அரசோ, கையால் மலம் அள்ளுவதால் எவரும் இறக்கவில்லை, அபாயகரமான துப்புரவில்தான் இறந்தார்கள் என்று சொல்லுக்குச் சொல் பிரித்துப் பதில் தருகிறது. இறந்தவரின் மனைவிக்கு இந்த இரண்டு சொற்களுக்கும் என்ன வேறுபாடு?

விடை வேலையில் இல்லை, வேலை செய்கிறவரின் பிறப்பில் இருக்கிறது. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுக்கப்பட்ட சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு அருகில் பட்டியல் சாதியினர். நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எந்திர வண்டிக்கு வாடகை கேட்கும் ஒப்பந்தக்காரர், ஓர் ஆளை இறக்கினால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார். அந்த ஆள் எந்தத் தெருவில் கிடைப்பார் என்பது அவருக்குத் தெரியும். சாதி இருக்கும் வரை எந்திரத்தைவிட மனித உயிர் மலிவாகவே கிடைக்கும்.

நகரம் எப்போது திருந்தும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 1854இல் லண்டனில் காலரா பரவியது. பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பின் தண்ணீரைக் குடித்தவர்களே அதிகம் இறக்கிறார்கள் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் சொன்னதை ஆள்வோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றில் தேங்கிய சாக்கடையின் நாற்றம் ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தது. உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. சில வாரங்களுக்குள் சட்டம் நிறைவேறியது. பேசல்கெட் என்ற பொறியாளரின் தலைமையில் நகரம் முழுவதும் பெரிய சாக்கடைகள் கட்டப்பட்டன.

ஏழைகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது அசையாத அரசு, தன் மூக்கில் நாற்றம் ஏறியதும் அசைந்தது. அங்கே வர்க்கம் தடுத்தது. இங்கே வர்க்கத்தோடு சாதியும் சேர்ந்து தடுக்கிறது. நாற்றமும் மரணமும் சேரியோடு நின்றுவிடும்படி நம் ஊர்கள் காலங்காலமாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

நம் ஊர்களுக்கும் தண்ணீர் கெட்டுப்போகும் என்ற அச்சம் எப்போதும் உண்டு. ஆனால் அந்த அச்சம் கிருமியைப் பற்றியது அல்ல, தொட்ட கையைப் பற்றியது. அதற்கு மகாடைவிடத் தெளிவான சாட்சி வேறு இல்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மராட்டிய மண்ணில், மகாடு நகரத்தின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கான மக்கள் அவரைப் பின்தொடர்ந்து குடித்தார்கள். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் சாதி இந்துக்கள் நம் மக்களை அடித்து விரட்டினார்கள். அதன்பின் குளத்தைத் தூய்மைப்படுத்தச் சடங்கு நடத்தினார்கள். பசுவின் சாணம், மூத்திரம், பால், தயிர் ஆகியவற்றை 108 குடங்களில் கலந்து குளத்தில் ஊற்றினார்கள். குளம் தூய்மையாகிவிட்டது என்றார்கள்.

மாணவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மனிதன் அள்ளிக் குடித்ததால் கெட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட தண்ணீர், சாணமும் மூத்திரமும் கலந்தபின் சுத்தமாகிவிட்டதாம். அந்தத் தண்ணீரை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் சடங்குக்கு முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது என்று அது சொல்லியிருக்கும். தீட்டு என்பது மாசைப் பற்றிய அறிவு அல்ல. ஓர் ஊர் தீட்டுப் பார்த்துக்கொண்டே மாசுபட்ட தண்ணீரைக் குடிக்கலாம். நம் ஊர்கள் அதைத்தான் செய்துவந்தன. யார் இறைத்தது என்று பார்த்தார்கள், கிணற்றுக்குப் பக்கத்தில் என்ன தேங்கி நிற்கிறது என்று பார்க்கவில்லை.

வீராணம் ஏரிக்கரையின் காட்டுமன்னார்கோயில் மண்ணிலிருந்து புறப்பட்டவர்தான் பெரியவர் இளையபெருமாள். தீண்டாமை பற்றி ஆராய ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமையேற்று 1969இல் அவர் அளித்த அறிக்கை, பொதுக் கிணறுகளில் நம் மக்கள் தண்ணீர் எடுக்க முடியாத நிலையைப் பதிவு செய்தது. அரசியலமைப்பு வந்து 19 ஆண்டுகள் ஆன பிறகு இருந்த நிலை அது. இன்று குழாய் வந்துவிட்டது, கிணற்றடிச் சண்டை குறைந்துவிட்டது. ஆனால் குழாயோடு தனித் தொட்டியும் வந்துவிட்டது. ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, சேரிக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி. வசதி என்ற பெயரில் பழைய தீட்டுக்குச் சிமெண்ட் பூசி நிறுத்தி வைத்திருக்கிறோம்.

தனித் தொட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பார்த்தோம். நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மனித மலம் கிடந்தது. சி.பி.சி.ஐ.டி. 2025 சனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்களும் பல கட்சிகளும் அமைப்புகளும் அதை ஏற்கவில்லை. குற்றம் யார் செய்தது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கேட்பது வேறு. அந்தத் தண்ணீர் கெட்டது என்று முதலில் சொன்னது யார்? அரசின் எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. குழந்தைகளின் வயிறுதான் சொன்னது. பிள்ளைகள் ஒவ்வொருவராக நோயில் விழுந்து மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். சென்னையின் குழாய் நீரை நாள்தோறும் பல இடங்களில் எடுத்துப் பரிசோதிக்கும் அதே மாநிலத்தில், ஒரு சேரித் தொட்டியின் ஆய்வுக் கருவியாகக் குழந்தையின் குடல் இருந்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை.

முதலாவதாக, நகரத்துக்கு உள்ள காவல் சேரிக்கும் வேண்டும். ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்கும் மூடியும் பூட்டும் வேண்டும். மாதம் இருமுறை கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி வைக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் குளோரின் கலக்க வேண்டும். பல ஊர்களில் தேதி மட்டும் மாறுகிறது, தொட்டி கழுவப்படுவதில்லை. இதைக் கண்டுபிடிப்பது எளிது. குழாயின் கடைசி முனையில் உள்ள வீட்டில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, அதில் சில துளி மருந்து விட்டால் குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். நிறம் மாறாவிட்டால் குளோரின் இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இத்தகைய பரிசோதனைக்குப் பயிற்சி தரவும் பரிசோதனைப் பெட்டி கொடுக்கவும் வழி செய்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது? அந்த ஐவரில் காலனிப் பெண் எத்தனை பேர்? அறிவியல் படிக்கும் நம் மாணவர்கள் விடுமுறைக்கு வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இரண்டாவதாக, கிராமசபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஊர்த் தண்ணீரின் பரிசோதனை முடிவை அன்று தெருவாரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ஊர்த்தெருவின் முடிவும் காலனியின் முடிவும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும். அதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். தனித் தொட்டி இருக்கும் ஊர்களில் ஒரே தொட்டி, ஒரே குழாய் என்ற கோரிக்கையையும் அங்கேயே வையுங்கள். ஒரே தொட்டியில் எல்லோரும் குடிக்கும் ஊரில் தொட்டியை எல்லோரும் காப்பார்கள்.

மூன்றாவதாக, சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையின் தண்ணீரைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அவர்களைக் கையால் மலம் அள்ள வைப்பதும் அதே சட்டத்தின்படி குற்றம். பொதுக் கிணற்றையோ குழாயையோ பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம். சாக்கடையில் ஒருவர் இறந்தால், விபத்து என்று எழுதி முடிக்கப் பார்ப்பார்கள். முதல் தகவல் அறிக்கையில் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மேஸ்திரியை மட்டும் பிடித்துவிட்டு ஒப்பந்தக்காரரையும் வேலை கொடுத்த அதிகாரியையும் விட்டுவிடக் கூடாது. 30 லட்சம் என்பது எவரும் போடும் பிச்சை அல்ல, உச்சநீதிமன்றம் சொன்ன உரிமை. சமரசம் பேசி ஐந்தோ பத்தோ கையில் திணித்துக் கையெழுத்து வாங்குகிறவர்களிடம் ஏமாறக் கூடாது.

நான்காவதாக, கழிவுநீர்த் தொட்டி. பாதாளச் சாக்கடை இல்லாத சிறுநகரங்களிலும் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டுகிறார்கள். அதன் கழிவு மண்ணில் இறங்கும் இடம், குடிநீர்க் கிணற்றிலிருந்தும் ஆழ்குழாயிலிருந்தும் 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி தள்ளி இருக்க வேண்டும். மூன்று சென்ட் மனையில் அது எப்படி முடியும் என்று நம் மக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் காலனிகளுக்கு நிலமும் பொதுவான கழிவுநீர் வசதியும் கேட்கிறோம். தொட்டி நிரம்பினால் உறிஞ்சும் லாரியை அழையுங்கள். அதற்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது. அந்த லாரி கழிவை எங்கே கொட்டுகிறது என்றும் கவனியுங்கள். நகரத்தில் உறிஞ்சியதை இரவோடு இரவாகச் சேரிக்குப் பக்கத்து ஓடையில் கொட்டுகிற வேலை பல இடங்களில் நடக்கிறது. லாரி எண்ணோடு புகார் கொடுங்கள்.

ஐந்தாவதாக, வேலையின் உரிமை. எந்திரம் வந்தால் நம் ஆட்கள் வேலை இழப்பார்கள் என்று சிலர் நம்மிடமே வந்து சொல்கிறார்கள். எந்திரத்துக்கு நம் ஆளே ஏன் உரிமையாளராகக் கூடாது? சென்னையில் தூய்மைப் பணியாளர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் தொழில்முனைவோராக்கி, கடனும் மானியமும் கொடுத்து, சாக்கடை சுத்தம் செய்யும் நவீன வாகனங்களை அவர்கள் கையிலேயே ஒப்படைத்து ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இது நல்ல தொடக்கம். கடலூர், விழுப்புரம், சிதம்பரம் போன்ற ஊர்களுக்கும் இது வர வேண்டும். அதே நேரத்தில், சாக்கடை வேலை என்றால் சேரி ஆள், அது எந்திரமானாலும் சேரி ஆள் என்ற நிலையும் நிலைத்துவிடக் கூடாது. நல்ல சம்பளமும் பாதுகாப்பும் மரியாதையும் இருந்தால் எல்லாச் சாதி இளைஞர்களும் அந்த வேலைக்கு வருவார்கள். அப்படி வரும் நாள்தான் அது உண்மையாகவே ஒரு வேலையாகும்.

நகரம் தன் தண்ணீரைக் காக்கும் அறிவியல் ரகசியமானது அல்ல. படிகாரம், மணல், குளோரின், அழுத்தம், இடைவெளி, பரிசோதனை, அவ்வளவுதான். சாக்கடையைக் காக்கும் அறிவியலும் அப்படித்தான். சரிவு, காற்றோட்டம், எந்திரம், போடக் கூடாததைப் போடாத ஒழுக்கம். இந்த அறிவு சேரியின் கடைசி வீடு வரை வந்தால் எந்தக் குழந்தையும் வயிற்றுப்போக்கில் சாகாது, எந்த அப்பாவும் குழிக்குள் சாக மாட்டார்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்களிடம் ஒரே ஒரு வேலையைக் கேட்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலனித் தொட்டியின் கீழே போய் நில்லுங்கள். கடைசியாகக் கழுவிய தேதி என்ன என்று படியுங்கள். பூட்டு இருக்கிறதா பாருங்கள். கடைசி வீட்டுத் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லி ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அடுத்த கிராமசபையில் அந்தச் சீட்டோடு எழுந்து நின்று பதில் கேளுங்கள்.